அஞ்சினானா? அளந்தானா?

குத்துச்சண்டையைப் பற்றி எழுதப் புகுந்த உனக்கு என்ன தகுதி என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். என் எடை 54 கிலோ. கையுறை மாட்டிக்கொண்டு கோதாவில் இறங்கியது முதலாண்டில் இரண்டே முறை. இரண்டு முறையும் புள்ளிக் கணக்கில் தோற்றேன். ஆயினும் பார்ப்பதில் நான் எவருக்கும் இளைத்தவன் அல்லன். அமெரிக்காவில் சனி இரவு நடக்கும் பெரிய போட்டி நமக்கு ஞாயிறு காலையில் வரும். அன்று உணவு விடுதியின் பூரியைத் துறந்துவிட்டுப் பொது அறையில் திரண்டிருக்கும் ஏழெட்டுப் பேரில் என்னையும் காணலாம்.

அந்த ஏழெட்டுப் பேருக்குள் ஓயாத வழக்கு ஒன்று உண்டு. ஒரு வீரன் இன்னொருவனோடு மோத மறுக்கிறான். “அவன் என்னைவிட எடை மிகுந்தவன்” என்று காரணம் சொல்கிறான். அந்தக் காரணம் செல்லுமா, செல்லாதா? “அஞ்சி ஓடுகிறான்” என்பர் ஒரு சாரார். “பிறகு எதற்காக எடைப் பிரிவு வைத்திருக்கிறார்கள்?” என்பர் மறு சாரார். இரு சாராரிடமும் பாதி நியாயமே உண்டு என்பது என் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தன் பிரிவுக்கு வெளியே இருப்பவனோடு மோத மறுப்பவனை யாரும் குறைகூறலாகாது. ஆனால் தன் பிரிவுக்கு உள்ளேயே இருப்பவனை, பட்டத்தை இடுப்பில் கட்டிக்கொண்டே, எடையைக் காட்டித் தள்ளிவிடுபவன் பேசுவது நியாயமன்று. அவன் பட்டத்தை இறக்கி வைத்துவிட்டு மறுக்கட்டும். அப்போது நான் அவன் பக்கம்.

முதலில், எடை என்பது வெறும் எண்ணன்று. குத்து கையில் பிறக்கிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது பாதத்தில் பிறந்து, இடுப்பில் திரும்பி, தோள் வழியே வந்து முட்டியில் முடிகிறது. வழியெங்கும் உடலின் கனம் அதனோடு சேர்ந்துகொள்கிறது. வாங்குகிறவன் பக்கமும் இதே கணக்குத்தான். அடி விழுந்ததும் தலை சுழலாமல் காக்க வேண்டியது கழுத்து; மெலிந்த கழுத்தின்மேல் இருக்கும் தலை அதிகம் சுழல்கிறது; மண்டைக்குள்ளே மூளை குலுங்குகிறது. இவை போக, கண்ணுக்கு எளிதில் தெரியாத சுமை ஒன்றும் உண்டு. இருவரும் கட்டிப் பிடித்துக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் பெரியவன் தன் பாரத்தைச் சிறியவன் தோள்மேல் சாய்த்துவிடுகிறான். எட்டாவது சுற்றில் சிறியவனுக்குக் கால் கனப்பது ஏன் என்று நாற்காலியில் இருந்து பார்ப்பவனுக்குப் புரியாது. மூன்று சுற்று ஆடித் தோற்றவனுக்குப் புரியும்.

இதை நான் பொது அறையில் விளக்கியபோது மதுரைப் பக்கத்து நண்பர் ஒருவர், “சல்லிக்கட்டுக் காளை என்ன, எடை பார்த்தா பாய்கிறது?” என்று மடக்கினார். அவையே கைதட்டிற்று. காளையின் திமிலைத் தழுவுகிறவன் அதனோடு முட்டுக்கு முட்டுக் கொடுக்க வேண்டியதில்லையே என்ற என் மறுமொழி அந்தக் கைதட்டலில் அமுங்கிப் போயிற்று. ஆதலால் இங்கே அச்சில் ஏற்றி வைக்கிறேன்.

வெறுங்கைச் சண்டை நடந்த காலத்தில் இங்கிலாந்தில் யாரும் யாரோடும் மோதலாம். கையுறையைக் கட்டாயமாக்கிய குவீன்ஸ்பெரி விதிகள் 1867-இல் வந்தன. 1909-இல் இலண்டன் நேஷனல் ஸ்போர்ட்டிங் கிளப் எட்டு எடைப் பிரிவுகளை வரையறுத்தது. இன்று தொழில்முறைக் குத்துச்சண்டையில் வழக்கமான பிரிவுகள் 17. அங்கே எடையை இன்னும் ராத்தலில்தான் சொல்கிறார்கள். ஒரு ராத்தல் ஏறக்குறைய 450 கிராம். மிகச் சிறியவர்களின் பிரிவுக்கு வரம்பு 105 ராத்தல், அடுத்தது 108, அதற்கடுத்தது 112. ஒன்றரைக் கிலோ கூடினாலே வேறு பிரிவு என்று பொருள். மேலே போகப் போக இடைவெளி அகல்கிறது: 147, 154, 160, 168, 175. இருநூறைக் கடந்தால் ஹெவிவெயிட். அங்கே வரம்பே கிடையாது. இந்த அட்டவணையை வகுத்தவர்கள் கோழைகள் அல்லர். மூன்று ராத்தலும் ஒரு பொருட்டே என்று பல ஆண்டு அடிதடியைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள். நம் வள்ளுவரும் வலியறிதல் என்று ஓர் அதிகாரம் வகுத்தார். அதற்கு ‘ஓடி ஒளிதல்’ என்று பெயரிடவில்லை.

ஆனால் என் செய்வது? குத்துச்சண்டையின் புராணம் முழுவதும் இந்த அட்டவணையை மீறியவர்களின் புராணமாகவே இருக்கிறது. 1897-இல் பாப் ஃபிட்சிம்மன்ஸ் தம்மைவிடப் பதினைந்து ராத்தலுக்கு மேல் கனத்த ஜேம்ஸ் கார்பெட்டை வீழ்த்தி ஹெவிவெயிட் பட்டம் பெற்றார். 1938-இல் ஹென்றி ஆம்ஸ்ட்ராங் மூன்று பிரிவுகளின் பட்டங்களை ஒரே காலத்தில் கையில் வைத்திருந்தார். நம் காலத்தில் பிலிப்பைன்ஸின் மானி பாக்கியாவோ 112 ராத்தலில் பட்டம் பெறத் தொடங்கி எட்டுப் பிரிவுகளில் வென்று காட்டினார். 2010-இல் அவர் அந்தோனியோ மார்கரீட்டோவோடு மோதிய இரவில் அவருடைய எடை 148. எதிரியின் எடை 165. அந்த இரவில் கண்குழி எலும்பு முறிந்து மருத்துவமனைக்குப் போனவர் பெரியவர்தான்.

‘அஞ்சி ஓடுகிறான்’ கட்சியார் இந்தப் பட்டியலை எடுத்து நீட்டுகிறார்கள். தாளைத் திருப்பிப் பார்ப்பார் இல்லை. திருப்பினால் அங்கே ஸ்டான்லி கெட்செல் இருக்கிறார். மிடில்வெயிட் வீரரான அவர் 1909 அக்டோபரில், தம்மைவிட முப்பது ராத்தலுக்கு மேல் கனத்த ஹெவிவெயிட் சாம்பியன் ஜாக் ஜான்சனோடு மோதினார். பன்னிரண்டாம் சுற்றில் ஜான்சனைத் தரையில் உட்காரவும் வைத்தார். எழுந்த ஜான்சன் உடனே கொடுத்த அடியில் கெட்செல் நினைவிழந்தார்; அவருடைய பற்கள் ஜான்சனின் கையுறையில் தைத்திருந்தன என்பார்கள். அங்கே அமீர் கான் இருக்கிறார்; 2016 மே மாதம் மேலேறி வந்து கனேலோ அல்வாரெஸோடு ஐந்து சுற்று அழகாக ஆடி, ஆறாவதில் ஒரே வலக்கைக் குத்தில் மல்லாந்தார். அங்கே கெல் புரூக்கும் இருக்கிறார். அதே ஆண்டு செப்டம்பரில் இரண்டு பிரிவு மேலேறிக் கெனாடி கோலோவ்கினை எதிர்த்தார். கண்குழி எலும்பு உடைந்தது. அடுத்த ஆண்டு தம் சொந்தப் பிரிவுக்கு இறங்கி எரால் ஸ்பென்ஸோடு ஆடியபோது மற்றக் கண்ணின் எலும்பும் உடைந்தது. இவர்களை எல்லாரும் புகழ்ந்தார்கள். புகழ்ந்தவர்களில் ஒருவருக்கும் எலும்பு உடையவில்லை.

சுகர் ரே ராபின்சனைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர் எந்தப் பக்கத்தில் வருகிறார் என்று எனக்கே தெளிவில்லை. 1952 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில், 157 ராத்தலுக்குச் சற்று மேலிருந்த ராபின்சன் 173 ராத்தல் ஜோயி மாக்சிமை எதிர்த்தார். விளக்குகளின் கீழே வெப்பம் 40 டிகிரியை எட்டியிருந்தது. பத்தாம் சுற்றோடு நடுவரே சோர்ந்துபோய் வேறொரு நடுவர் வந்தார். புள்ளிக் கணக்கில் ராபின்சன் முன்னால் நின்றார். பதினான்காம் சுற்றுக்கு மணி அடித்தபோது அவரால் நாற்காலியை விட்டு எழ முடியவில்லை. வெயில் வென்றது என்பார் பலர். பதினாறு ராத்தலைப் பதின்மூன்று சுற்று தோளில் சுமந்தவனுக்கும் சுமத்தியவனுக்கும் வெயில் ஒன்றுபோலவா சுட்டிருக்கும் என்று நான் கேட்பேன்.

இவ்வளவும் எடைக் காரணத்துக்குச் சாதகமாகச் சொன்னேன். இனி மறுபக்கம். எடையின் பெயரால் எவரும் மறைக்க முடியாத ஒரு மறுப்பு வரலாற்றில் உண்டு. கனடாவில் பிறந்த சாம் லாங்ஃபோர்டு ஐந்தரை அடியை ஒட்டிய உயரமுள்ள கறுப்பு வீரர். 1906-இல் மாசசூசெட்ஸில் ஜாக் ஜான்சனும் அவரும் மோதினர். ஜான்சன் சுமார் முப்பது ராத்தல் கூட. பதினைந்து சுற்றில் புள்ளிக் கணக்கில் வென்றார். 1908 டிசம்பரில் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று ஜான்சன் உலக ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார்; கறுப்பர்களில் அவரே முதல்வர். அதன்பின் 1915-இல் பட்டத்தை இழக்கும் வரை லாங்ஃபோர்டுக்கு ஒரு வாய்ப்புக்கூடத் தரவில்லை. லாங்ஃபோர்டு இதற்குள் கனத்திருந்தார், தேர்ந்திருந்தார். அப்போதும் இருவரில் சிறியவர் அவரே. நிறத்தின் பெயரால் தமக்கு வாய்ப்பு மறுக்கப்பட்டு, உலகமெல்லாம் சுற்றிப் பட்டத்தைப் பெற்ற ஜான்சன், அதே கதவைத் தம் இனத்தான் முகத்தில் சாத்தினார். கறுப்பர் ஒருவரோடு பட்டத்துக்காக அவர் மோதியது 1913-இல் பாரிஸில், ஒரே ஒரு முறை. அதுவும் லாங்ஃபோர்டோடு அன்று.

அந்நாளில் எடை என்று சாக்குச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. ஜான் எல். சல்லிவனும் ஜிம் ஜெஃப்ரீஸும் கறுப்பரோடு பட்டத்துக்கு மோத மாட்டோம் என்று வெளிப்படையாகவே சொன்னவர்கள். ஜான்சன் மறுத்ததற்கு வேறு காரணம்: கறுப்பர் இருவர் மோதினால் வசூல் இல்லை, தோற்கும் ஆபத்தோ மிகுதி. பெரியவனே சிறியவனைத் தவிர்த்த இந்த ஒரு நிகழ்ச்சியை நினைவில் வைத்துக்கொண்டால், எடை என்ற சொல்லைக் கேட்டவுடன் தலையாட்டும் பழக்கம் நம்மை விட்டுப் போகும். லாங்ஃபோர்டு பின்னாளில் பார்வை இழந்தார். 1944-இல் பத்திரிகையாளர் ஒருவர் தேடிக் கண்டுபிடித்தபோது, அவர் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஓர் அறையில் வறுமையில் கிடந்தார்.

வழக்கை இன்னும் சிக்கலாக்குவது எடைக் கருவி. அது பொய் சொல்வதில்லை. ஆனால் அது சொல்வது நேற்றைய உண்மை. முன்பெல்லாம் போட்டி நாளன்றே எடை பார்த்தார்கள். 1980-களிலிருந்து முதல்நாளே பார்ப்பது வழக்கமாயிற்று. வீரர்கள் தண்ணீரை நிறுத்தி, நீராவி அறையில் உட்கார்ந்து, உடலைப் பிழிந்து எண்ணைக் கீழே கொண்டுவருகிறார்கள். கருவியை விட்டு இறங்கியதும் குடித்தும் உண்டும் மீண்டும் ஊதிவிடுகிறார்கள். 2000 பிப்ரவரியில் நியூயார்க் மாடிசன் ஸ்குவேர் கார்டனில் ஆர்ட்டுரோ காட்டியும் ஜோயி கமாஷும் மோதினர். ஒப்பந்த எடை 141 ராத்தல். போட்டி இரவில் கமாஷ் 145, காட்டி 160. இரண்டாம் சுற்றிலேயே கமாஷ் வீழ்ந்தார்; மூளையில் காயம்; அதன்பின் அவர் கோதாவில் இறங்கவே இல்லை. எடை பார்த்ததில் கவனக்குறைவு நடந்தது என்று அவர் நியூயார்க் மாநில ஆணையத்தின்மேல் வழக்குத் தொடுத்தார். 2010-இல் நீதிமன்றம் கவனக்குறைவு உண்மைதான் என்றது. இழப்பீடு மட்டும் இல்லை என்றது.

ஆகவே, “அவனும் என் பிரிவுதான், ஆனால் பெயருக்குத்தான் என் பிரிவு” என்று ஒரு வீரன் சொன்னால் நான் சிரிக்க மாட்டேன். கமாஷ் சொல்லத் தவறிய சொல் அது.

இந்த இடத்தில்தான் நம் பொது அறையை இரண்டாகப் பிளந்த கனேலோ வழக்கு வருகிறது. மெக்சிகோவின் கனேலோ அல்வாரெஸ் 2021 நவம்பரில் 168 ராத்தல் பிரிவின் நான்கு பட்டங்களையும் ஒருங்கே பெற்றார். அதே பிரிவில் டேவிட் பெனவிடெஸ் என்ற இளைஞர் வரிசையில் நின்றார். ஆறடிக்கு மேல் உயரம். ஓயாமல் குத்தும் கை. ஒரு தோல்வியும் இல்லை. 2023-இல் கேலப் பிளான்ட்டை வென்றார், டெமெட்ரியஸ் ஆண்ட்ரேடை வென்றார். உலகம் கேட்டது அந்த ஒரு போட்டியைத்தான். கனேலோ இணங்கவில்லை. போட்டி இரவில் பெனவிடெஸ் தம்மைவிட 25 ராத்தல் கூடுதலாக இருப்பார். அதற்குமேல் அவரிடம் ஒன்றும் இல்லை என்ற பொருள்படப் பேசினார்.

கனேலோவின் பக்கத்து நியாயத்தை மறைக்க மாட்டேன். அவர் ஐந்தடி எட்டங்குலத்துக்கு மிகாதவர். 154 ராத்தல் பிரிவில் பேர் பெற்று, பிறகு மேலே ஏறியவர். 25 ராத்தல் என்றால் பதினொரு கிலோவுக்கு மேல். நம் ஊர்ப்பக்கத்து அரிசி மூட்டையில் பாதி என்று கொள்ளுங்கள். காட்டி, கமாஷ் கதையைப் படித்தவன் இதை அலட்சியமாகத் தள்ளமாட்டான்.

ஆனால் கனேலோ என்னென்ன செய்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் அன்றோ? 2019-இல் அவர் தாமாகவே 175-க்கு ஏறி, தம்மைவிட உயரமான செர்கேய் கோவலேவை வீழ்த்தினார். கோவலேவுக்கு அப்போது வயது 36. 2022-இல் மீண்டும் 175-க்கு ஏறி டிமிட்ரி பிவோலிடம் தோற்றார். ஒரு பிரிவு மேலே உள்ளவர்களை அழைக்கும்போது கனக்காத எடை, சொந்தப் பிரிவில் நிற்பவன் விஷயத்தில் மட்டும் கனத்தது. அதுவாவது போகட்டும். பெனவிடெஸ் வரிசையில் காத்திருந்த 2023 செப்டம்பரில் கனேலோ அழைத்தது யாரை? 154 ராத்தல் சாம்பியன் ஜெர்மெல் சார்லோவை. இரண்டு பிரிவு கீழேயிருந்து மேலே வரச் சொல்லி, பன்னிரண்டு சுற்று ஆடி வென்றார். அமீர் கானுக்கு முன்பு நடந்ததை மேலே சொன்னேன். பதினான்கு ராத்தல் தமக்குச் சாதகமாக இருந்தபோது எடை ஒரு பேச்சாகவே எழவில்லை. பாதகமாக வந்தபோது அதுவே முழு வழக்காயிற்று. பிறகு ஒருநாள், 15, 20 கோடி டாலர் கொண்டுவந்தால் உடனே மோதுகிறேன் என்றும் சொன்னார். டாலரில் கரைந்துபோகிற எடையை இங்கேதான் கண்டேன்.

இந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டு நண்பர்கள் பலர் முகம் சுளித்தனர். நான் சுளிக்கவில்லை. குத்துச்சண்டை அவருடைய தொழில். ஆபத்து மிகுந்த வேலைக்குக் கூலி மிகுதியாகக் கேட்பது எந்தத் தொழிலாளிக்கும் உள்ள உரிமை. கூலி போதாது என்று சொல்லியிருந்தால் அது நேர்மையான சொல். அதற்கு எடை என்று பெயர் மாற்றியதுதான் உறுத்துகிறது. ஏனெனில் எடை என்ற சொல் கமாஷுக்கும் கெட்செலுக்கும் உரிய சொல். அதை விலைபேசும் மேசையில் புழங்கவிட்டால், நாளை உண்மையாகவே எடைக்கு அஞ்ச வேண்டியவன் அந்தச் சொல்லைச் சொல்லும்போது யாரும் நம்பமாட்டார்கள்.

நான் கனேலோவின் பகைவன் அல்லன் என்பதற்கு ஒரு சான்று தருகிறேன். 2016 மே மாதம், கானை வீழ்த்திய சில நாட்களில், அவர் தம் மிடில்வெயிட் பட்டம் ஒன்றைத் துறந்தார். கோலோவ்கினோடு மோத வேண்டிய கட்டாயத்தை அப்படி நீக்கிக்கொண்டார். உலகம் நகைத்தது. என் அளவுகோலின்படி அது சரியான செயல். ‘இன்னும் அந்த எடைக்கு நான் வளரவில்லை; பட்டத்தை வேறு ஒருவன் வைத்துக்கொள்ளட்டும்’ என்று சொல்வதில் இழிவு என்ன இருக்கிறது? அடுத்த ஆண்டு 160 ராத்தலிலேயே கோலோவ்கினைச் சந்தித்தார். 2022 வரை மொத்தம் மூன்று முறை சந்தித்தார். அந்த வழி 168-இலும் திறந்தே இருந்தது. பெனவிடெஸைத் தவிர்க்க விரும்பினால், பெனவிடெஸ் கேட்ட அந்த ஒரு பட்டத்தையாவது இறக்கி வைத்திருக்கலாம். குத்துச்சண்டை வீரனின் உச்சக் காலம் ஐந்தாறு ஆண்டு. பட்டத்தைக் கட்டிக்கொண்டு மறுப்பவன் அந்த ஆண்டுகளில் சிலவற்றை இன்னொருவன் வாழ்விலிருந்து எடுத்துக்கொள்கிறான். பெனவிடெஸ் காத்திருந்து சலித்து 2024-இல் 175-க்கு ஏறினார். 2025-இல் அங்கே சாம்பியனாக அறிவிக்கப்பட்டார். அவர் இளையவர், தப்பினார். லாங்ஃபோர்டு தப்பவில்லை.

2025 செப்டம்பர் 13 இரவு லாஸ் வேகாஸில் நடந்ததை நண்பர்கள் அறிவர். முதன்முதல் 135 ராத்தலில் பட்டம் பெற்றவரும், முந்திய ஆண்டு 154-இல் ஆடியவருமான டெரன்ஸ் கிராஃபோர்டு, 37 வயதில், இரண்டு பிரிவு மேலேறிக் கனேலோவை எதிர்த்தார். மூன்று நடுவர்களும் கிராஃபோர்டுக்கே தீர்ப்பளித்தனர்: 116-112, 115-113, 115-113. எடையை ஒன்றுமில்லை என்பவர்கள் அன்று துள்ளினார்கள். துள்ளல் மிகை. அந்த இரவில் திறமை எடையை வென்றது உண்மை. ஆனால் அந்த மேலேற்றத்தைக் கிராஃபோர்டே விரும்பிக் கேட்டார். மாதக்கணக்கில் உடலை அதற்கென்றே கட்டினார். தானாக ஏறுவது ஒன்று. ஏறவில்லையே என்று பிறர் கல்லெறிவது வேறொன்று.

சிலர் ஒப்பந்தத்தாலேயே இதைத் தீர்க்கப் பார்க்கிறார்கள். போட்டி நாள் காலையில் மறுபடி எடை பார்ப்பது. இத்தனை ராத்தலுக்கு மேல் ஏறியிருக்கக் கூடாது என்று கட்டுவது. 2025 ஏப்ரலில் இலண்டனில் யூபாங்க் மகனும் பென் மகனும் மோதியபோது இப்படித்தான் கட்டினார்கள். கிறிஸ் யூபாங்க் முதல்நாள் வரம்பை 0.05 ராத்தலால், அதாவது சுமார் 23 கிராமால், மீறினார். தண்டம் 3,75,000 பவுன். மறுநாள் காலை 170-ஐயும் தாண்டக் கூடாது. அவர் வென்றார்; ஆனால் போட்டி முடிந்ததும் மருத்துவமனைக்குத்தான் போனார். சிறியவனைக் காக்க வந்த விதி பெரியவனை வற்ற வைத்து மேடையேற்றுகிறது. நீர் வற்றிய உடலில் மூளைக்குக் காப்புக் குறைவு என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். குத்துச்சண்டை அன்றாயினும், 2024 ஆகஸ்டில் பாரிஸில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டுக்கு நேர்ந்ததை எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் உண்ணாமல் உறங்காமல் ஓடி, முடியைக்கூட வெட்டி, காலையில் கருவியில் ஏறியபோது 100 கிராம் கூடுதல். இறுதிப் போட்டி கைநழுவிற்று. காலை எடையும் முழு மருந்தன்று.

மறுக்கும் உரிமையே இல்லாதவர்களும் உண்டு. ஒலிம்பிக் குத்துச்சண்டையில் சீட்டுக் குலுக்கித்தான் எதிரி அமைவார். இவரோடு ஆடமாட்டேன் என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மணிப்பூரின் மேரி கோம் 2012-க்கு முன் ஐந்து உலகப் பட்டங்கள் வென்றவர். எல்லாம் 45, 46, 48 கிலோப் பிரிவுகளில். பெண்களுக்கு முதன்முதல் குத்துச்சண்டை சேர்க்கப்பட்ட இலண்டன் ஒலிம்பிக்கில் மிகச் சிறிய பிரிவே 51 கிலோ. அவருக்கென்று ஒரு பிரிவை யாரும் வகுக்கவில்லை. உடலைக் கூட்டிக்கொண்டு போனார். அரையிறுதியில் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பினார். அவரும் எடையைப் பற்றிப் பேசியிருக்கலாம். பேசினால் கேட்க ஆளில்லை.

இப்போது நம் வளாகத்துக்கு வருகிறேன். இந்தக் கட்டுரை எழுதக் காரணமும் அதுவே. சென்ற குளிர்காலத்து விடுதிப் போட்டிகளில், ஆள் போதவில்லை என்று இரண்டு எடைப் பிரிவுகளை ஒன்றாக்கிவிட்டார்கள். நம் சங்கத்து நண்பர் ஒருவருக்கு எடை 57 கிலோ. அவருக்கு வாய்த்த எதிரிக்கு 66. அவர் வந்தார், கருவியில் ஏறினார், எதிரியின் எண்ணையும் பார்த்தார், பிறகு கையுறையைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, “இது என் பிரிவன்று” என்றார். அறிவிப்புப் பலகையில் அவர் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று எழுதினார்கள். அன்று முதல் அவரைப் பார்த்துக் கோழிபோல் கூவுகிறவர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களில் பாதிப்பேர் கனேலோ ரசிகர்கள். 25 ராத்தல் பெரிய வேறுபாடு என்று பொது அறையில் மேசையைத் தட்டி வாதிட்டவர்கள். ஒன்பது கிலோ என்றால் இருபது ராத்தல் என்று கணக்குப் போட அவர்களுக்கு நேரமில்லை. நண்பரிடம் பட்டமும் இல்லை, பணமும் இல்லை. யாருடைய வாய்ப்பையும் அவர் அடைத்துக்கொண்டு நிற்கவில்லை. தலைக்கவசமும் சரியான அளவில் இல்லாத ஒரு போட்டியில், மறுவாரம் தேர்வெழுத வேண்டிய தலையைக் காத்துக்கொண்டார்.

விளையாட்டுக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். பிரிவுகளை ஒன்றாக்கலாகாது; ஆளில்லாத பிரிவில் போட்டி நடக்காமலே போகட்டும். எடையைப் போட்டி நாளன்று எல்லார் முன்னும் பார்த்து, எண்ணைப் பலகையில் எழுத வேண்டும். நண்பர் பெயருக்கு நேரே உள்ள ‘வரவில்லை’ என்ற சொல்லை அழித்து ‘எடை பொருந்தவில்லை’ என்று எழுத வேண்டும். இதுவரை பதினோரு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அந்த 66 கிலோக்காரர். தாள் வாசக சாலை மேசைமேல், வாரப் பத்திரிகைகளுக்கு அடியில் இருக்கிறது.